சில நேரம் ஸ்டார்ட் ஆகும், சில நேரம் ஆகாது: அறிகுறியை வைத்துக் காரின் கோளாற்றைப் பிடிப்பது எப்படி

காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. நான்கைந்து முறை முயன்ற பிறகு எதுவுமே நடக்காதது போல் எஞ்சின் ஓடத் தொடங்குகிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. மெக்கானிக்கின் கண்முன் கோளாறு வருவதில்லை; ஆகவே அவரால் ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகத்தின் பேரில் முதலில் பேட்டரி மாறுகிறது, அடுத்து எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் மாறுகிறது, அதற்கடுத்து சாவி ஸ்விட்ச் மாறுகிறது. பல ஆயிரம் ரூபாய் போன பிறகும் அதே கோளாறு திரும்பி வருகிறது. கடைசியில் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியாக இருக்கும் ஓர் எர்த் வயரின் போல்ட் தளர்ந்திருந்தது தெரியவரும்போது, கார் வைத்திருப்பவருக்கு வரும் கோபம் நியாயமானது.

விட்டு விட்டு வரும் கோளாற்றுக்கு ஒரே சாட்சி, அது வரும் நேரத்தில் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான். அந்த இரண்டு நிமிடத்தில் என்ன நடந்தது என்று சரியாகச் சொல்ல முடிந்தால், தேட வேண்டிய இடம் பத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிடும். பாகம் வாங்குவது அதற்குப் பிறகுதான். இங்கே நான் முதன்மையாக எடுத்துக்கொள்வது நம் சாலைகளில் ஓடும் சாதாரண பெட்ரோல் கார்களை. டீசலுக்கு உரியதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

கோளாறு வந்த நிமிடத்தில் கவனிக்க வேண்டியவை

பதற்றத்தில் சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பாதீர்கள். ஏ.சி., ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஜன்னலை இறக்கி, ஹெட்லைட்டைப் போடுங்கள். முன்னால் சுவர் இருந்தால் நல்லது; வெளிச்சம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். இனி சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் கொண்டுவந்து நிறுத்துங்கள். மீட்டரில் விளக்குகள் வழக்கம்போல் எரிகின்றனவா? பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு வினாடிக்குப் பெட்ரோல் பம்ப் ஓடும் மெல்லிய ரீங்காரம் வருகிறதா? சாவி வடிவச் சின்னம் மின்னிக்கொண்டே இருக்கிறதா?

அடுத்து ஸ்டார்ட் நிலைக்குத் திருப்புங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தமா, ‘டகடகடக’ என்று அடுக்கடுக்காகவா, சத்தமே இல்லையா? ஹெட்லைட் மங்கியதா, அப்படியே இருந்ததா? எஞ்சின் சுற்றுகிறது என்றால் ஆர்.பி.எம். முள் சற்றாவது மேலே எழுகிறதா? இவற்றோடு, எஞ்சின் சூடாக இருந்ததா, நிறுத்தி எவ்வளவு நேரம் ஆனது, மழை பெய்ததா, பெட்ரோல் எவ்வளவு இருந்தது என்பதையும் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் காணொளியாகவே எடுங்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அந்த ஒரு நிமிடப் பதிவு தரும் உதவியை வேறெதுவும் தராது.

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய கருவிகள்: சில நூறு ரூபாயில் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லைட், 10-ம் எண் ஸ்பேனர், எமரி தாள். சோதனையின்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட்ட வேண்டாம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் அருகே தீப்பொறி கூடாது. செல்ஃபைத் தொடர்ந்து பத்து வினாடிக்கு மேல் சுற்றாமல், அரை நிமிடமாவது இடைவெளி விட்டு முயலுங்கள். அந்த மோட்டார் நீண்ட நேரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

அறிகுறி: ‘டகடகடக’ என்ற அடுக்குச் சத்தம், விளக்குகள் மங்குகின்றன

செல்ஃப் மோட்டாரின் மேலே இருக்கும் சோலனாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த ஸ்விட்ச்) உள்ளிழுக்கிறது, மோட்டார் மின்சாரம் கேட்டவுடன் பேட்டரியின் வோல்ட் சரிகிறது, சோலனாய்டு பிடியை விடுகிறது, சுமை இறங்கியதும் வோல்ட் மீண்டும் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. இந்தச் சுற்றுதான் அந்தச் சத்தம். பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது பேட்டரி டெர்மினல் பிடிப்பு மோசமாக இருக்கிறது என்பதே இதன் பொருள்.

டெர்மினலை முதலில் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ பூத்திருந்தால், கிளாம்பைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, ஈயத் தூணையும் கிளாம்பின் உட்புறத்தையும் எமரி தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் நெகடிவ், மாட்டும்போது கடைசியில் நெகடிவ். பூப்பு வெளியே தெரியாமல் கிளாம்பின் உட்புறம் மட்டும் கறுத்திருப்பதும் உண்டு. கையால் அசைத்து ‘இறுக்கமாகத்தான் இருக்கிறது’ என்று விட்டுவிட்டால் அது பிடிபடாது.

அடுத்தது பேட்டரி. இரவு முழுவதும் ஓடாமல் நின்ற காரில், காலையில் எதையும் போடுவதற்கு முன் மல்டிமீட்டரால் அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மீதம். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிவிட வேண்டாம். உள்ளே தகடு தேய்ந்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும். யாராவது ஸ்டார்ட் செய்யும்போதே மீட்டரைப் பாருங்கள்: செல்ஃப் சுற்றும் நேரத்தில் 9.6-க்குக் கீழே போனால், அதுவும் முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியில் போனால், அதன் காலம் முடிந்துவிட்டது. சென்னை, மதுரை, வேலூர் போன்ற வெயில் ஊர்களில் மூன்று நான்கு ஆண்டுகளில் பேட்டரி தளர்வது இயல்பு; பேட்டரியைக் குளிரைவிட வெப்பமே விரைவாக அரிக்கிறது.

பேட்டரி இறங்கியதற்குக் காரணம் பேட்டரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். ஹெட்லைட், ஏ.சி. இரண்டையும் போட்டு ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தினாலும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். சில புதிய கார்களில் கணினியே சார்ஜ் வோல்ட்டை வேண்டுமென்றே ஏற்றி இறக்கும். அவற்றில் ஒரு நொடி அளவை வைத்து முடிவு கட்டாமல், சில நிமிடம் தொடர்ந்து பாருங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றி, ‘வண்டி நிற்கவில்லை, ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது’ என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அம்பாசடர் காலத்தில் அது பெரிய சேதம் செய்யவில்லை. இன்றைய காரில் பேட்டரி என்ற தாங்கி விலகிய கணத்தில் ஆல்டர்னேட்டரின் வோல்ட் பல மடங்கு எகிறும்; எஞ்சின் கணினியும் மீட்டரும் அதில் எரிந்துபோகலாம். யாராவது அப்படிச் செய்ய வந்தால் தடுத்துவிடுங்கள். மல்டிமீட்டர் பத்து வினாடியில் அதே பதிலைத் தரும்.

புதிய பேட்டரி வாங்கும் நிலை வந்தால், ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள காருக்கு அதற்கென்றே உள்ள இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகையையே போடுங்கள். விலை குறைவென்று சாதாரணப் பேட்டரியைப் போட்டால் அது சீக்கிரமே இதே கோளாற்றைக் கொண்டுவரும்.

அறிகுறி: ‘டக்’ என்று ஒரே சத்தம், பிறகு அமைதி

அதிகம் தவறாகக் கணிக்கப்படுவது இதுதான். பேட்டரி மாற்றியும் தீராத கோளாறுகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

ஹெட்லைட் என்ன செய்தது என்பது முதல் பிரிவு. ‘டக்’ சத்தத்தோடு விளக்கு மிகவும் மங்கினால், பெரிய மின்சாரம் ஓடுகிறது அல்லது ஓட முயல்கிறது: பேட்டரி தளர்ந்திருக்கலாம், டெர்மினல் பிடிப்பு மோசமாக இருக்கலாம், மோட்டார் உள்ளே இறுகியிருக்கலாம். விளக்கு அசையாமல் அப்படியே எரிந்தால் மோட்டாருக்குள் மின்சாரமே போகவில்லை: சோலனாய்டின் உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனைகள் கருகியிருக்கலாம், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது செல்ஃபுக்குப் போகும் கேபிளிலோ எஞ்சின் எர்த்திலோ இணைப்பு விட்டிருக்கலாம்.

இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் செலவே இல்லை. சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் கூட 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். 150 ஆம்பியர் ஓடும் பாதையில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கே தொலைந்துவிடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு காட்டாது. ‘பீப்’ ஒலித்து, இணைப்பு நன்றாக இருக்கிறது என்றே சொல்லும். கேபிளில் ஐந்தாறு இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் பீப் வரும். செல்ஃபைச் சுற்றும்போது மட்டுமே அந்தக் கேபிளின் உண்மை நிலை வெளிப்படும். அதற்கான சோதனை வோல்டேஜ் டிராப்: மின்சாரம் ஓடும்போது பாதையின் இரு முனைகளுக்கு இடையே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று அளப்பது.

பெட்ரோல் பம்ப் ரிலேயை (பம்புக்கு மின்சாரத்தை இணைக்கும் சிறிய மின் ஸ்விட்ச்) எடுத்துவிட்டு, எஞ்சின் சுற்ற மட்டும் செய்து ஸ்டார்ட் ஆகாதபடி வைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் பாசிடிவ் ஈயத் தூணின் மேலேயே வையுங்கள். கிளாம்பின் மேல் வைத்தால் கிளாம்பின் கோளாறு கணக்கில் வராது. மறுமுனை செல்ஃபில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில். உதவிக்கு ஒருவர் சாவியைத் திருப்பும்போது மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அடுத்து எர்த் பக்கம்: ஒரு முனை நெகடிவ் தூணில், மறுமுனை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில். இங்கே 0.2, மிஞ்சினால் 0.3.

அதிகமாகக் காட்டினால் பாதையைத் துண்டு துண்டாக அளந்து வாருங்கள்: தூணிலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து கேபிளின் மறுமுனைக்கு, அங்கிருந்து போல்ட்டுக்கு. ஒவ்வோர் இணைப்பிலும் 0.1-க்கு மேல் போகும் இடம்தான் குற்றவாளி. பல கார்களில் அது கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் எர்த் வயராக இருக்கும். சேறும் மழைநீரும் படும் இடத்தில் இருப்பதால் துரு உள்ளே ஏறுகிறது. கிளட்ச் பிளேட் மாற்றியபோது அந்த போல்ட்டை யாராவது சரியாக இறுக்காமல் விட்டிருப்பதும் உண்டு. சமீபத்தில் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றிய காரில் இந்தக் கோளாறு தொடங்கியிருந்தால், நேராக அங்கே போங்கள். துரு நீக்கி, உலோகம் உலோகத்தோடு படும்படி இறுக்குங்கள். கடற்கரை ஊர்களில் புதிய எர்த் வயரே போட்டுவிடுவது நல்லது.

வோல்டேஜ் டிராப் இரு பக்கமும் சரியாக இருந்தால் கோளாறு செல்ஃபுக்குள்தான். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் செல்ஃபின் உடலை ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டும்போது மோட்டார் சுற்றினால், கார்பன் பிரஷ் அல்லது சோலனாய்டு தொடுமுனை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மெதுவாக என்பதைக் கவனியுங்கள்: இன்றைய செல்ஃப்களில் பலவற்றின் உள்ளே நிலைக்காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன, ஓங்கித் தட்டினால் அவை உடையும். தட்டி ஸ்டார்ட் செய்து வீடு வந்து சேரலாம், ஆனால் அதையே வழக்கமாக்கினால் ஒருநாள் ஆளில்லாத சாலையில் தட்டியும் எடுக்காது.

செல்ஃபை முழுதாக மாற்றச் சொன்னால், கழற்றிப் பிரித்துப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம் என்று கேளுங்கள். பிரஷ் செட், சோலனாய்டு, புஷ் மட்டும் மாற்றி நன்றாக ஓடும் மோட்டார்கள் ஏராளம். ஆர்மேச்சர் எனப்படும் சுழலும் சுருள் கருகியிருந்தால்தான் முழு மோட்டார் தேவை. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கழற்றிய பாகத்தைக் காட்டியே பேசுவார்.

எஞ்சின் சூடானால் மட்டும் வரும் கோளாறு

குளிர்ந்த நிலையில் ஒழுங்காகச் சுற்றும் செல்ஃப், நெடுஞ்சாலையில் ஓட்டிவந்து டீக்கடையில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் சோம்புகிறது, அல்லது ‘டக்’ கூட வருவதில்லை. செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். செல்ஃப் சைலன்சர் குழாய்க்கு அருகே இருந்து 25 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாகிவிட்டால், சோலனாய்டுச் சுருளின் தடை ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கும். வயரிங்கும் பழையதாக இருந்தால் சோலனாய்டை இழுக்கும் அளவுக்கு மின்சாரம் போதாமல் போகும். சோலனாய்டின் சிறிய முனையில், சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போது வோல்ட்டை அளந்து பாருங்கள். அதே கணத்தில் பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், சாவி ஸ்விட்ச் வழியே வரும் பாதையில் தடை இருக்கிறது. பழைய கார்களில், சாவி ஸ்விட்ச் ஒரு ரிலேயை மட்டும் இயக்க, அந்த ரிலே பேட்டரியிலிருந்து நேராகச் சோலனாய்டுக்கு மின்சாரம் தரும்படி அமைத்துவிட்டால் இது தீரும். சரியான ஃபியூஸ் இல்லாமல் அந்த வேலையைச் செய்யவிடாதீர்கள்.

அறிகுறி: சத்தமே இல்லை, ஆனால் விளக்குகள் பிரகாசமாக எரிகின்றன

ஸ்டார்ட் கட்டளை செல்ஃப் வரை வந்து சேரவில்லை. கட்டளை நடக்கும் வழி நீளமானது: சாவி ஸ்விட்ச், கிளட்ச் பெடல் ஸ்விட்ச் அல்லது கியர் நிலை ஸ்விட்ச், ஸ்டார்ட்டர் ரிலே, பிறகு சோலனாய்டு. சில கார்களில் இடையே கணினியும் அனுமதி தர வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கார் என்றால் ‘பி’யில் எடுக்காதபோது, பிரேக்கை மிதித்து ‘என்’னில் வைத்து முயலுங்கள். அங்கே எடுத்தால் கியர் நிலை ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. மேனுவல் காரில், கிளட்ச்சை அடிவரை அழுத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும் வகை என்றால், பெடலை முழுதாக அழுத்தியபடி மேலும் கீழும் சற்று அசைத்துப் பாருங்கள். தடித்த கால்மிதி பெடலுக்கு அடியில் நுழைந்திருப்பதே காரணமாக இருந்ததும் உண்டு. சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்தபடி லேசாக அசைக்கும்போது சட்டென்று எடுத்தால், சாவி ஸ்விட்சின் மின் பகுதி தேய்ந்துவிட்டது. கொத்துச் சாவியும் கனமான தொங்கலும் மாட்டி ஓட்டுபவர்களின் கார்களில் பூட்டும் ஸ்விட்சும் சீக்கிரம் தளரும்.

ரிலேயைச் சோதிக்க எளிய வழி, ஃபியூஸ் பெட்டியில் அதே எண் அச்சிட்ட வேறொரு ரிலேயோடு இடம் மாற்றிப் பார்ப்பது. ஹார்ன் ரிலே பல கார்களில் ஒத்துப்போகும். எண் பொருந்தாவிட்டால் மாற்ற வேண்டாம்.

சாவிச் சின்னம் மின்னினால் அது இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு. சாவித் தலையில் இருக்கும் சிப்பை ஸ்டியரிங் பூட்டைச் சுற்றியுள்ள சுருள் படிக்க முடியவில்லை. அந்தச் சிப்புக்குத் தனியாக பேட்டரி தேவையில்லை. ரிமோட்டில் உள்ள பேட்டரி கதவைத் திறக்க மட்டுமே. கொத்தில் இன்னொரு சிப் சாவி இருந்தால் அதைப் பிரித்துவிட்டு முயலுங்கள். இரண்டாவது சாவியில் ஒழுங்காக எடுத்தால் முதல் சாவிதான் கோளாறு. பட்டன் ஸ்டார்ட் கார்களில் ரிமோட்டின் பேட்டரி இறங்கியிருந்தால் ரிமோட்டையே பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலானவற்றில் எடுக்கும். இம்மொபிலைசர் எல்லாக் காரிலும் செல்ஃபைத் தடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சில கார்களில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி, ஓரிரு வினாடியில் அணைந்துவிடும்.

செல்ஃப் மட்டும் தனியே சுற்றுகிறது, அல்லது கரகரக்கிறது

‘விர்ர்’ என்று மோட்டார் ஓட, எஞ்சின் சுற்றவில்லை என்றால் பெண்டிக்ஸ் (செல்ஃபின் முனையிலிருந்து எஞ்சினைப் பற்றிச் சுற்றும் சிறு பற்சக்கர அமைப்பு) வழுக்குகிறது. கரகரவென்ற அரைபடும் சத்தம் என்றால் பெண்டிக்ஸ் பற்றும் பெரிய பற்சக்கரமான ஃப்ளைவீல் ரிங் கியரின் பற்கள் தேய்ந்திருக்கலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது ஏறக்குறைய இரண்டே இடங்களில்தான் வந்து நிற்கும். ஆகவே பற்களும் அங்கேதான் தேயும். இதனால்தான் இந்தக் கோளாறும் விட்டு விட்டு வருகிறது. சாவியை அணைத்து, நான்காவது கியரில் போட்டு, காரைச் சற்றுத் தள்ளி நகர்த்திவிட்டு, நியூட்ரலில் முயன்றால் எடுக்கிறதா என்று பாருங்கள். எடுத்தால் ரிங் கியர்தான். கியர்பாக்ஸை இறக்க வேண்டிய வேலை என்பதால் கிளட்ச் மாற்றும் நேரத்தோடு சேர்த்துச் செய்துகொள்வது சிக்கனம்.

அறிகுறி: செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

பேட்டரியையும் செல்ஃபையும் இனி மறந்துவிடலாம். ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். சுற்றும்போது முள் அசையாமல் பூஜ்ஜியத்திலேயே கிடந்தால், எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மீது சந்தேகம் வர வேண்டும். எஞ்சின் சுற்றுகிறது என்பதே கணினிக்குத் தெரியாவிட்டால் அது ஸ்பார்க்கும் தராது, பெட்ரோலும் தெளிக்காது. இந்தச் சென்சாரின் தனி அடையாளம், சூட்டில் செத்து, குளிர்ந்ததும் உயிர்பெறுவது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணையும். அரை மணி நேரம் கழித்து எதுவும் நடக்காதது போல் ஓடும். ஸ்கேனரில் பி0335 என்ற குறியீடு இருந்தால் சந்தேகம் வலுக்கும். குறியீடு பதிவாகாமலும் இருக்கலாம். கோளாறு வந்த நேரத்தில் சென்சாரை ஈரத்துணியால் குளிரவைத்ததும் எடுத்தால் வேறு சான்று தேவையில்லை. மாற்றுவதற்கு முன் அதன் சாக்கெட்டில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா, வயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். அடுக்குமாடி பார்க்கிங்கில் நிற்கும் கார்களில் எலி கடித்த வயர் மிகச் சாதாரணம். பாதி கடிபட்ட வயர் மேட்டில் குலுங்கும்போது மட்டும் இணைப்பை விடும்.

முள் எழுகிறது, ஆனால் சாவியை ஆன் செய்தபோது பம்ப் ரீங்காரம் இல்லை என்றால் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ் இவற்றில் ஒன்று. வெயிலில் நின்ற காரில் மட்டும் இப்படி வந்தால் ரிலேயைக் கழற்றி, உள்ளே சால்டர் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 1990-களின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலேயின் சால்டர் வெப்பத்தில் விரிசல் விட்டு இதே கோளாற்றைத் தந்தது உலகெங்கும் அறியப்பட்ட ஒன்று. பம்ப் தளர்ந்திருந்தால், ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் ஒருவர் டேங்கின் அடியை ரப்பர் சுத்தியலால் தட்டும்போது ஓடத் தொடங்குவதுண்டு. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான்.

பம்ப் ஓடுகிறது, ஆனால் இரவு முழுவதும் நின்ற காரில் நீண்ட நேரம் சுற்றிய பிறகே எடுக்கிறது. இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு: சாவியை ஆன் செய்து மூன்று வினாடி காத்து அணையுங்கள், இப்படி மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே எடுத்தால், நின்றிருக்கும்போது பெட்ரோல் அழுத்தம் வடிந்துவிடுகிறது. பம்பில் இருக்கும் ஒருவழி வால்வோ, கசியும் இன்ஜெக்டரோ காரணம். நம் ஊர் சி.என்.ஜி. கார்களில் பெரும்பாலானவை முதலில் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகே வாயுவுக்கு மாறுகின்றன. ஆகவே அவற்றில் ஸ்டார்டிங் தொல்லை வந்தால் மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலையும் அதன் இன்ஜெக்டர்களையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாசலிலிருந்து காரை நான்கடி நகர்த்தி உடனே அணைத்தோம், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். குளிர்ந்த எஞ்சினுக்குத் தாராளமாகத் தெளிக்கப்பட்ட பெட்ரோல் பிளக்குகளை நனைத்துவிட்டது, அவ்வளவுதான். ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்திப் பிடித்தபடி ஐந்தாறு வினாடி செல்ஃபைச் சுற்றுங்கள். இன்ஜெக்‌ஷன் கார்கள் பெரும்பாலானவற்றில் அந்த நிலையில் கணினி பெட்ரோலை நிறுத்தி, காற்றை மட்டும் விடும். எஞ்சின் பிடிக்கத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள். சூடான எஞ்சினிலும் இதே முறையில்தான் எடுக்கிறது என்றால் கூலன்ட் வெப்பச் சென்சாரைச் சோதியுங்கள். அதன் தடை குளிரில் அதிகம், சூட்டில் குறைவு: 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் அளவில் இருப்பது 80 டிகிரியில் சில நூறு ஓமுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால், கொதிக்கும் எஞ்சினைக் குளிர்ந்தது என்று எண்ணிக் கணினி பெட்ரோலைக் கொட்டும்.

மழைநீர் தேங்கிய சாலையில் அணைந்த கார் என்றால் இந்தச் சோதனை எதையும் செய்யாதீர்கள். ஏர் ஃபில்டர் ஈரமாக இருந்தால் சிலிண்டருக்குள் நீர் போயிருக்கலாம். அந்த நிலையில் செல்ஃபைச் சுற்றினால், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையக்கூடும். இழுத்துச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

இரண்டு நாள் நின்றால் பேட்டரி இறங்குகிறது

எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிய காரில் ஓடும் கசிவு மின்சாரம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியை அந்த அளவு கசிவு பாதியாக்க இரண்டு வாரம் ஆகும். கசிவு அரை ஆம்பியர் என்றால் ஒன்றரை நாளே போதும். பெரும்பாலும் வெளியே வாங்கிப் பொருத்தியவைதான் காரணம்: டேஷ் கேமரா, ஜி.பி.எஸ். டிராக்கர், ஆம்ப்ளிஃபையர். அடுத்து, மூடியும் அணையாத டிக்கி விளக்கு.

அளப்பதற்கு, நெகடிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் தூணுக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்து, கதவுகளைப் பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். கணினிகள் உறங்கப் போக அவ்வளவு நேரம் வேண்டும். இடையில் ஸ்டார்ட் செய்ய முயன்றால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அளவு அதிகமாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ அந்தப் பாதையில் கசிவு. எதை எடுத்தும் விழவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடைச் சந்தேகியுங்கள்.

டீசல் காருக்கு

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் சமவெளியில் பழுதானாலும் தெரியாது; ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இரவு நிறுத்திய காரில்தான் தெரியும். மற்ற இடங்களில் காலையில் மட்டும் நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருந்தால், டீசல் ஃபில்டர் இணைப்பில் காற்று நுழைகிறதா என்று பாருங்கள். ஒளி ஊடுருவும் குழாய் இருந்தால் குமிழிகள் தெரியும். ஃபில்டரில் சேர்ந்த நீரையும் வடியுங்கள். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ரெயில் என்ற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில், ரெயிலில் சுமார் 200 பார் அழுத்தமாவது சேர்ந்தால்தான் இன்ஜெக்டர் திறக்கும். சூட்டில் மட்டும் எடுக்க மறுத்தால் தேய்ந்த இன்ஜெக்டர் வழியே டீசல் திரும்ப வடிகிறது என்று சந்தேகித்து, நான்கு இன்ஜெக்டர்களின் திரும்பு அளவையும் பாட்டிலில் பிடித்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

எந்தச் சோதனையிலும் கோளாறு வரவே இல்லை என்றால்

மாதத்துக்கு ஒருமுறை மட்டும் செல்ஃப் எடுக்காமல் போகும் காரில், அந்த ஒருமுறை வரும்போது மீட்டர் கையில் இருக்காது. அதற்கு நல்ல எலக்ட்ரீஷியன்கள் கையாளும் வழி, இரண்டு சிறிய 12 வோல்ட் பல்புகளைக் காருக்குள்ளேயே பொருத்திவிடுவது. முதல் பல்புக்கு சோலனாய்டின் சிறிய முனையிலிருந்து ஒரு மெல்லிய வயர். இரண்டாவதற்கு, சோலனாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் பெரிய முனையிலிருந்து இன்னொரு வயர். தொடங்கும் இடத்திலேயே ஒவ்வொன்றிலும் ஒரு ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும். வயர்கள் சைலன்சரிலும் ஃபேனிலும் படாமல் வர வேண்டும். பல்புகளின் மறுமுனை பாடி எர்த்தில்.

பிறகு வழக்கம்போல் ஓட்டுங்கள். செல்ஃப் எடுக்காத அந்த நாளில், சாவியைத் திருப்பிப் பிடித்தபடி பல்புகளைப் பாருங்கள். முதல் பல்பே எரியவில்லை என்றால் சாவி ஸ்விட்ச், கிளட்ச் அல்லது கியர் ஸ்விட்ச், ரிலே, இம்மொபிலைசர் ஆகிய வழியில் தேட வேண்டும். முதலாவது பிரகாசமாக எரிந்து இரண்டாவது எரியாவிட்டால் சோலனாய்டுத் தொடுமுனைகளோ பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளோதான். இரண்டும் பிரகாசமாக எரிந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது எஞ்சினின் எர்த் விட்டிருக்கிறது. நெகடிவ் தூணுக்கும் எஞ்சினுக்கும் இடையே வோல்டேஜ் டிராப் அளந்தால் இரண்டில் எது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.